நாலரைக் கோடி

கரும்பலகையில் பூமியின் வயது நாலரைக் கோடி ஆண்டு என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. நானூற்றைம்பது கோடி என்று சொன்னதற்கு, "சந்தைக்கடையாடி இது, நூறு மடங்கு ஏத்திச் சொல்றே?" என்று டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சின்மேல் நிற்கிறாள், வகுப்பே சுண்டெலி என்று கூப்பிடும் சிறுமி. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. "டைனோசர் அழிஞ்சே ஆறரைக் கோடி வருஷமாச்சுன்னு நேத்து சொன்னீங்களே டீச்சர், அப்போ பூமி வர்றதுக்கு முன்னாடி அதுங்க எங்க நின்னுச்சுங்க?" என்கிறது கடைசி வரிசை. வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. புத்தகத்திலிருந்த பில்லியனை, நூறு கோடியை, தான் வெறும் கோடியாக்கிவிட்டது டீச்சருக்கு இப்போதுதான் உறைக்கிறது; காதுமடல் சுடுகிறது. டஸ்டரை எடுத்து, பலகையை விட்டுவிட்டு மேஜையைத் துடைக்கிறார்; பெஞ்சில் நிற்பவளை உட்காரச் சொல்லவில்லை. சுண்டெலி தணிந்த குரலில் பேரத்தை முடிக்கிறாள்: "நாலரைன்னே வச்சுக்கலாம் டீச்சர். கால் வலிக்குது."