சிவப்புக் காந்தச் சாவி

ரதாமெஸ் தன் கயாக் படகில் பேட்டரி மோட்டார் மாட்டிய நாளிலிருந்து ஒவிதியோவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்கேரா என்ற மீனவ ஊரில் இருவருக்கும் ஒரே படகுத்துறை, ஒரே வயது. ஒவிதியோ துடுப்புப் போட்டு அலையாத்திக் காட்டைத் தாண்டுவதற்குள், அவன் தங்கை புருஷனான ரதாமெஸ் கடலின் வெளிப்பாறையிலிருந்து சங்கரா மீனோடு திரும்பிக்கொண்டிருப்பான்.

“என்ன மச்சான், கயிறு கட்டி இழுத்துட்டுப் போகட்டுமா?” என்று எதிரே வரும்போதெல்லாம் கேட்பான்.

அந்த மோட்டாருக்கு ஒரு சிவப்புக் காந்தச் சாவி உண்டு. அதன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். சாவி கழன்றால் மோட்டார் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் காபியும் கொய்யா அல்வாவும் சாப்பிட்டுக் கிளம்பும்போது, ஆணியில் தொங்கிய சாவியை ஒவிதியோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை ரதாமெஸ் கரையில் மோட்டாரைத் தட்டிக்கொண்டு நின்றான்.

“சாவியப் பாத்தியா மச்சான்?”

“என்னைக் கேட்டா? வேணும்னா சொல்லு, கயிறு கட்டி இழுக்கறேன்.”

ஒவிதியோவுக்கு வயிறு குளிர்ந்தது.

அலையாத்திக் காட்டைத் தாண்டியதும் மூச்சு வாங்கத் துடுப்பை மடியில் வைத்தான். கயாக் நிற்கவில்லை. சத்தமில்லாமல், நேராக, ரதாமெஸின் வேகத்தில் போனது. முதலில் சிரித்தான். வெளிப்பாறையும் பின்னால் போனபோது துடுப்பைத் தண்ணீரில் குறுக்கே பிடித்தான். வேகம் குறையவில்லை. சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துக் கடலில் வீசினான்.

சாவி மூழ்கவில்லை. கயாக்குக்கு முன்னால் மிதந்து போனது. அதன் கயிறு, கயாக்கின் மூக்கில் கட்டியதுபோல் விறைத்து நின்றது. கரை மறைந்த பிறகும் அது தொய்யவில்லை.