பத்தடி தள்ளி வந்தவர்

லைசர் கிழவரை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. ஜெபம் முடிந்து எல்லாரும் மேஜைக்கு வந்தால், ஊறவைத்த மீனில் பெரிய துண்டை எடுத்துக்கொண்டுதான் அடுத்தவனுக்கு வழிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை ஓய்வுநாளில் எங்கள் யூத ஜெப ஆலயத்தின் மானத்தையே வாங்கிவிட்டார்.

எங்கள் குரு ரபி பேசிக்கொண்டிருந்தார்.

"தோல் நிறத்தைப் பார்த்து போலீஸ் யாரையும் நிறுத்தக் கூடாதுன்னு ஒரு சட்டம் வருது. எகிப்துல அந்நியரா இருந்து அடிபட்டவங்க நாம. நாம சும்மா இருக்கலாமா? போன மாசம் நம்ம எல்கானாவை இங்கிருந்து வீட்டுக்குப் போற வழியில பிடிச்சு, இருட்டுற வரைக்கும் ஸ்டேஷன்ல வச்சாங்க. திங்கட்கிழமை தலைநகர் கொலம்பஸ்ல இருக்கிற மாநிலச் சட்டசபைக்குப் போறோம். பஸ் பிடிச்சாச்சு. இன்னிக்கு ஓய்வுநாள், எழுதக் கூடாது, அதனால ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. நானும் தூக்கினேன்.

லைசர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன லைசர், கை சுளுக்கிக்கிச்சா?" என்றான் ஃபிஷெல்.

"பேச்சு முடிஞ்சா மீனை எடுத்து வைங்கய்யா" என்றார் அவர்.

மூன்றாம் வரிசையில் தூணோரம் எல்கானா தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் ஆலயத்தில் கறுப்பு யூதன் அவன் ஒருவன்தான். முதல் நாள் வந்தபோது தெரியாத்தனமாக லைசரின் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். லைசர் அப்போது ஆஸ்பத்திரியில். திரும்பி வந்தவரிடம், "புதுசா வந்தவனை எழுப்பி அவமானப்படுத்தாதீங்க" என்றார் ரபி. பிறகு எல்கானாவே எழுந்துகொள்கிறேன் என்றான். "உட்கார்ந்தாச்சுல்ல, உட்காரட்டும்" என்று லைசர் சொன்னதோடு சரி. அன்றிலிருந்து அவனோடு பேச்சு வார்த்தை கிடையாது.

எல்கானா வெளியே இறங்கினான். லைசர் மீனைக்கூடத் தொடாமல் பின்னாலேயே இறங்கினார்.

"பார்த்தியா? ஒரு மாசமா இதேதான்" என்றான் ஃபிஷெல். "எங்கடா தப்புப் பண்ணுவான்னு மோப்பம் பிடிச்சுட்டே போறார். இவருக்குப் போலீஸே தேவலை."

என்னதான் செய்கிறார் என்று பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. நானும் கிளம்பினேன்.

முன்னால் எல்கானா. பத்தடி தள்ளி லைசர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் நான்.

மேப்பிள் தெரு முனையில் போலீஸ் கார் வந்து நின்றது. எங்கள் இருவரையும் தாண்டிப் போய், எல்கானா பக்கத்தில்.

"அடையாள அட்டை?"

எல்கானா இரண்டு கையையும் தெரியும்படி நீட்டினான். "இல்லை சார். இன்னிக்கு எங்க ஓய்வுநாள். பையில எதையும் வச்சுக்கிட்டுத் தெருவுல நடக்க மாட்டோம்."

"எங்கன்னா யாரு?"

"யூதர்கள், சார்."

"நீயா?" போலீஸ்காரர் சிரித்தார். "கோட்டுக்குள்ள என்ன புடைப்பா இருக்கு?"

"ஜெபச் சால்வை. கையில தூக்கிட்டு வரக் கூடாது, அதான் போர்த்தியிருக்கேன்."

"அசையாதே!"

போலீஸ்காரரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"நிறுத்துய்யா!" லைசர் நொண்டிக்கொண்டே போய் இருவருக்கும் நடுவில் நின்றார்.

"பெரியவரே, தள்ளுங்க. இவனைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமாவா! என் இடத்தைப் பிடிச்சவனை எனக்குத் தெரியாதா? மூணாம் வரிசை, தூணோரம். என் அப்பா உட்கார்ந்த இடம். சாய்ஞ்சா முதுகுக்கு எவ்வளவு சுகம் தெரியுமா? வாராவாரம் இவன் அங்கே உட்கார்ந்து ஜெபம் பண்றதைப் பார்த்து என் வயிறு எரியுது!"

போலீஸ்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சரி, உங்க அட்டையைக் காட்டுங்க."

"என்கிட்டேயும் இல்லை." லைசர் தன் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "அதோ நிக்கிறானே பெரல், அவன்கிட்டேயும் இல்லை. எங்களைத் தாண்டித்தானே வந்தே? எங்களை ஏன் நிறுத்தலை?"

போலீஸ்காரர் காரில் ஏறிப் போய்விட்டார்.

எல்கானா லைசரிடம் வந்தான். "ரொம்ப நன்றி, ஐயா."

லைசர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "பெரல், அவனை முன்னால நடக்கச் சொல்லு."

அவன் நடந்தான். பத்தடி போனதும் இவரும் நடந்தார்.

"ஏன் லைசர், இதுக்குத்தான் வர்றதுன்னா கூடவே நடக்கலாமே?"

"பேச்சு வார்த்தை இல்லாதவனோட எப்படிச் சேர்ந்து நடக்கிறது?"

"அப்போ ஏன் கையைத் தூக்கலை?"

"தூக்கின கையெல்லாம் இப்போ எங்கே?"

அவையெல்லாம் மீன் தட்டில் இருக்கும்.

"அப்போ திங்கட்கிழமை நீங்க வரலையா?" என்றேன் கடைசியில்.

"வராம? சட்டம் வரலைன்னா சாகிற வரைக்கும் இவன் பின்னாலேயே நடக்கணும். என் முழங்கால் என்ன இரும்பா?" என்றவர் சட்டென்று நின்றார். "பெரல், ஓடிப்போய் அவன்கிட்ட இப்பவே சொல்லி வை. பஸ்ல ஜன்னலோரம் என் இடம்!"