மீசைக்காரருக்குப் பின்னால்

கணக்கு டீச்சர் கடைக்குள் நுழைந்ததும் நேராக மீசைக்காரரிடம்தான் போனாள்.

மீசைக்காரர் ஓர் அட்டைப்படம். உடற்பயிற்சிக்கான இசைத்தட்டு ஒன்றின் உறையில், பனியனோடு குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டிருப்பார். முப்பத்தைந்து வருடமாகக் குனிந்தே இருக்கிறார். இதுவரை ஒருத்தரும் அவரை விலை விசாரித்ததில்லை.

அதற்காகத்தான் அக்காவும் அவளும் அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே ஒரு இசைத்தட்டின் மேல் உயிர். வாங்க வழியில்லை. வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று அக்கா அதை அதன் வரிசையிலிருந்து உருவி, மீசைக்காரருக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சதும் சேர்ந்து வந்து வாங்கணும். தனியா வந்து வாங்கின, கொன்னுடுவேன்."

கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தக் கடையில் எதையாவது எங்கேயாவது ஒளித்து வைக்காத வாடிக்கையாளரே கிடையாது. தூசி தட்டும்போது அவர் எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, ஒளித்தது ஒளித்தபடி திரும்ப வைத்துவிடுவார்.

வேலை கிடைத்தது. கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. சேர்ந்து வரத்தான் நாள் அமையவில்லை.

பிறகு அப்பா போனார். அவர் இறந்த மாதமே, அவருடைய பெட்டி யாருக்கு என்று இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. வீட்டை எழுதுவதில் தகராறில்லை. பீரோ, கட்டிலில் தகராறில்லை. ஒரே ஒரு பெட்டி. மூத்தவள் நான் என்றாள் அக்கா. கடைசிவரை கூட இருந்தவள் நான் என்றாள் டீச்சர்.

ஜெயித்தது டீச்சர்தான். கொண்டுவந்த அன்று பெட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். இன்றுவரை அந்தத் துணியை விலக்கவில்லை. அக்காவோடு பேச்சு நின்று பதினோரு வருடம்.

ஆனால் கடைக்கு மட்டும் தவறாமல் வருவாள். வருடா வருடம் பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாள் வந்து மீசைக்காரருக்குப் பின்னால் கையை விடுவாள். தட்டு தலைகீழாக இருக்கும். நேராக்கி வைத்துவிட்டுப் போவாள். அடுத்த வருடம் வந்தால் மறுபடியும் தலைகீழ்.

எதையும் நேராக வைக்கிற பழக்கம் அக்காவுக்கு என்றைக்கு இருந்தது?

பதினோரு வருடமாக அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்றோடு கடையை மூடுகிறார்கள். இந்தத் தெருவில் இசைத்தட்டு விற்ற மற்ற கடைகளெல்லாம் எப்போதோ செல்போன் கவர் விற்கப் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்று. கடை போகிறதே என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். டீச்சரின் கவலை வேறு. கடை போனால் அக்காவும் போனாள். இனி எங்கே போய் அவள் தலைகீழாக வைத்ததைப் பார்ப்பது?

ஆனாலும் டீச்சர் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். அக்கா தனியாக வாங்க மாட்டாள். சொன்ன சொல்லை மீறுகிற ஜென்மம் இல்லை அவள். கடைசி நாள் என்பதால் எப்படியும் வந்து பார்ப்பாள். அவள் வரும்வரை ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டியது. பொழுது போக விடைத்தாள் கட்டு ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

விடைத்தாள் கட்டை மீசைக்காரர் மேல் வைத்துவிட்டுப் பின்னால் கையை விட்டாள்.

இருந்தது. ஆனால் தலைகீழாக இல்லை. முதல் தடவையாக நேராக இருந்தது.

தூக்கியதுமே தெரிந்துவிட்டது. எடை இல்லை. உறைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். தட்டு இல்லை.

தனியாக வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெறும் உறையை மட்டும் ஒழுங்காக நிற்க வைத்துவிட்டு, இத்தோடு முடிந்தது என்று போய்விட்டாள். டீச்சருக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அழுகையும் பின்னாலேயே வந்துவிடும் போலிருந்தது. வெறும் உறையோடு கல்லாவுக்குப் போய் நின்றாள்.

கடைக்காரர் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"உங்க அக்கா காலைல கடை திறக்கும்போதே வந்துட்டாங்க, டீச்சர். இதுக்கு மூணு மாசம் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க. இப்பல்லாம் எங்கயும் கிடைக்கிறதில்ல, அலைஞ்சு திரிஞ்சுதான் பிடிச்சேன். நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வருவாங்களாம், உங்ககிட்ட குடுத்து அதுக்குள்ள மாட்டி வைக்கச் சொன்னாங்க. பழசோட போட்டா தட்டு கீறிடுமாம்."

டீச்சர் மூடியைத் திறந்தாள்.

பஞ்சுக்குள் ஓர் ஊசி. அப்பாவின் பாட்டுப் பெட்டிக்கான ஊசி.

ஊசியை ஒரு கையிலும் உறையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு டீச்சர் தெருவில் இறங்கினாள். பின்னாலிருந்து கடைக்காரர் விடைத்தாள் கட்டு, விடைத்தாள் கட்டு என்று கத்தினார். அவள் காதில் விழவில்லை.

பெட்டி மேல் இருக்கும் துணியை எடுக்க வேண்டும். பதினோரு வருடத்துத் தூசி. அக்கா அதைப் பார்த்தால் சும்மா விட மாட்டாள். வாசலில் ஆரம்பித்தால், இருட்டும்வரை வாய் ஓயாமல் திட்டித் தீர்ப்பாள்.

துடைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்று யோசித்துக்கொண்டே டீச்சர் பஸ் ஏறினாள்.