குழலை அடைத்த குண்டுகள்

டங்! அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துத் துப்பாக்கிக் குழலிலிருந்து இன்னொரு ஈயக்குண்டு தட்டில் விழுந்தது. பழுதுபார்க்கும் எல்டன் சிரித்தார்.

"உன் முப்பாட்டனோடது துப்பாக்கியா, குண்டுக் கிடங்கா வேட்?"

"சீக்கிரம் எடுங்க. நாளைக்கு ஊர்வலத்துல நான் அதைத் தூக்கிட்டு நடக்கணுமாம். அவரு பெரிய வீரராச்சே!"

அடுத்த குண்டும் விழுந்ததும் எல்டனின் சிரிப்பு நின்றது.

"ஒண்ணைச் சுட்ட பிறகுதான்பா அடுத்ததை உள்ள இடிக்கணும். இவரு சுடுற மாதிரி அதிகாரிக்குக் காட்ட இடிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. சுடவே இல்ல, ஒருத்தரையும் கொல்லல. கவலைப்படாதே, நான் வெளிய சொல்ல மாட்டேன்."

வேட் மரத்துப்போன முகத்தோடு, போர்முனையில் தான் வாங்கிய பதக்கத்தைச் சட்டையிலிருந்து கழற்றிக் குண்டுகளின் நடுவே போட்டான்.

"ஊர் பூரா சொல்லுங்க எல்டன். எங்க குடும்பத்துல அவராவது ராத்திரி தூங்கியிருக்காரு."