மெக்சிக்கோவில் விசாரிக்க ஆளில்லை

அவள் மிளகாயைக் கருக்கிவிட்டாள்.

செத்தல் மிளகாய் வறுத்தால் நிறம் மாற முன்னம் இறக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். இவள் தாச்சியில் போட்டு, அது கரியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்ற பிரெஞ்சுக்காரர் இருமி இருமி ஜன்னலைத் திறந்தார்கள்.

இந்தப் பிள்ளையைத்தான் என் மகன் துஷ்யந்தன் கட்டப்போகிறானாம்.

பெயர் மரிசோல். மெக்சிக்கோவில் ஒஹாக்கா என்ற பக்கமாம். லாச்சப்பலில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவில், ஒரு கடைக்கு மேல் மாடியில், வருகிறவர்களுக்குத் தன் ஊர்ச் சமையல் பழக்குகிறாள். "நீங்கள் ஓமெண்டு சொன்னால்தான் அப்பா எழுத்து" என்று மகன் சொல்லியிருந்தான். கலியாணத்தைப் பதிகிற அந்த எழுத்துக்கு நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. நான் ஊரிலிருந்து விசாவில் வந்தவன். தை முடிய விசாவும் முடியும். அதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஊரில் என்றால் அயலில் நாலு வீட்டில் விசாரிக்கலாம். இவளைப்பற்றி நான் ஆரிடம் போய் விசாரிப்பது?

பிள்ளையார் கோயிலுக்குப் போகிறேன் என்று மகனுக்குச் சொல்லிவிட்டு, படியேறி அவளிடமே சமையல் பழக வந்து நின்றேன். நான் ஆரென்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏப்ரன் ஒன்றைத் தந்தாள்.

எனக்குப் பக்கத்தில் ரேமண்ட் என்று ஒரு பாண்டிச்சேரிக்காரர். தபால் வேலையில் இருந்து பென்சன் எடுத்தவர். வீட்டில் பொழுது போகாமல் ஒவ்வொரு கிழமையும் வருகிறவராம். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த ஆளைப் பிடித்துக்கொண்டேன்.

"வயசென்ன எண்டு கேளும்."

கேட்டார். அவள் எள்ளை வறுத்தபடி சொன்னாள்.

"தகப்பன் என்ன செய்யிறார்? கூடப்பிறந்தது எத்தினை பேர்? எல்லாரும் கட்டியாச்சோ?"

"மிஸ்யே, நீங்க சமைக்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?"

"உமக்கேன் அது? கேட்டுச் சொல்லும்."

ரேமண்ட் கூச்சத்தோடு கேட்டார். அவள் சிரிக்கவில்லை, முகத்தைச் சுழிக்கவும் இல்லை. தகப்பன் இல்லை. தாய் சந்தையில் சோள ரொட்டி சுட்டு விற்கிறா. இரண்டு அக்காமார், இருவரும் கட்டினவர்கள். மூத்தவள் சரிவராமல் தாயிடம் திரும்பி வந்துவிட்டாள்.

திரும்பி வந்ததை நான் கேட்கவில்லை. எங்கள் தரகன் என்றால் அந்த அக்காவையே மறைத்திருப்பான்.

கருகின மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, எள்ளும் பாதாமும் காய்ந்த திராட்சையும் சேர்த்து அரைக்கச் சொன்னாள். மூன்று கால் வைத்த கல், எங்கள் அம்மி மாதிரி, ஆனால் சரிவு. நிலத்தில் முழங்காலூன்றி அரைப்பதுதான் முறையாம். என் முழங்கால் மடங்காது. அதை ஒருவருக்கும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கல்லைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் வந்து, அந்தக் கல்லைத் தனியாகத் தூக்கி மேசையில் எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பலத்தைக் கொடுத்து அரைத்தேன். திரும்பி வந்து குழவியில் கை வைத்துக் காட்டினாள். அமத்தக் கூடாது, தள்ள வேண்டும். தள்ளினேன். சந்தனம் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இந்த வயதில் ஒரு பெட்டை எனக்குப் பிழை பிடிக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே பிடிபடவில்லை.

குழம்பு கொதிக்க அதற்குள் சொக்லேட்டை உடைத்துப் போட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

உப்புப் பார்க்க அகப்பையை வாயில் வைப்பாள், வைத்தவுடன் இறங்கிப் போய்விடுவது என்று இருந்தேன். அவள் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். பிறகு கையைக் கழுவினாள்.

வளர்த்தவள் கெட்டிக்காரி.

சாப்பிட இருந்தோம். மோலே என்று பெயராம். நல்ல கறுப்புக் குழம்பு, உள்ளே பூசணித் துண்டுகள். ஒரு வாய் வைத்தேன். கருகலைத் தேடினேன், இல்லை. உறைப்பு வந்தது, அதற்குப் பின்னால் ஒரு இனிப்பு, அதற்கும் பின்னால் என்னவென்று சொல்லத் தெரியாத ஒன்று. நான் குழம்பைப் புகழுகிறவன் இல்லை. வழித்துச் சாப்பிட்டேன்.

ரேமண்டுக்குப் பிடிக்கவில்லை.

"என்னா இது, போன வாரம் இந்தப் பொண்ணு பன்னிக் கொழுப்புல வதக்கி, கோழி போட்டுது. இன்னிக்கும் கோழி இருக்கு, நான்தான் படியேறித் தூக்கியாந்தேன். நீங்க உள்ள வந்தப்புறம் கீழ கடைக்கு ஓடிப் போயி பூசணிக்கா வாங்கியாந்துது."

அதையே பிரெஞ்சில் அவளிடமும் கேட்டார். மற்றவர்களும் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார்கள்.

அவள் ஒரு சொல்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையாம்," என்றார் ரேமண்ட். "போன வாரம் மட்டும் என்னா, செவ்வாக்கிழமையா?"

வெள்ளிக்கிழமையில் நான் மச்ச மாமிசம் தொடுவதில்லை. இந்தப் பட்டணத்தில் அது தெரிந்தவன் துஷ்யந்தன் ஒருவன்தான்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆருக்கோ பரிமாறிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒண்டு கேளும்," என்றேன்.

"போதும் மிஸ்யே."

"தை மாசம் தாய் இஞ்சை வர ஏலுமோ எண்டு கேளும்."

"தை மாசமா? குளிரு கொல்லுமே. அந்தம்மா இங்க வந்து என்னா பண்ணும்?"

"நீர் கேளுமன்."

ரேமண்ட் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.