பெட்டிக்குள் பெட்டி

ஜின்சியின் புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய விண்டோஸின் புல்வெளிப் படம் தெரிந்ததும் அச்சகமே அவளைச் சுற்றிக் கூடிவிட்டது. பெமிலா மட்டும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

கோட்டாற்றுச் சந்துக்குள் இருக்கும் மரியஜானின் அச்சகத்தில் அவள்தான் மூத்த டிசைனர். கல்யாணக் கார்டு, சர்ச்சுப் பிள்ளைகளின் புதுநன்மை விழா கார்டு, கோயில் கொடைவிழா நோட்டீஸ் என்று அங்கே அடித்த எல்லாமே ஒரு பழைய தமிழ் சாஃப்ட்வேரில் இருந்தது. அதை உண்டாக்கிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புது விண்டோஸில் அது ஏறாது. பழைய ஃபைல்களை வேறு எதில் திறந்தாலும் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக வரும். அதனால் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் முன்னால் பெமிலா.

அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரி கார்டு வேண்டும் என்று யாராவது வந்தால், மரியஜான் மூலையைத்தான் கைகாட்டுவார். மற்றவர்கள் அவள் நிமிரும்வரை காத்து நிற்பார்கள்.

ஒரு லீவு எடுக்க முடியவில்லை என்று பெமிலா புலம்பாத நாள் இல்லை. ஆனாலும் "நான் வரல்லேன்னா இஞ்ச ஷட்டரைத் தாழ்த்த வேண்டியதுதான்" என்று சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். மஸ்கட்டில் இருக்கும் மகள் பிரிஜா தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட்டபோதும், சீசன் நேரத்தில் அந்தப் பெட்டியை வேறு ஆரு தொடுவா என்று மரியஜான் கையை விரித்துவிட்டார். அன்று ஃபோனில் மகளோடு சேர்ந்து அழுதாள். மறுநாள் அதையே எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

இப்போது இந்த ஜின்சி. புதுக்கடை ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மூலையில் இருந்த கம்ப்யூட்டரை அப்படியே முழுசாகப் படியெடுத்து, தன் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜன்னலில் ஓடவிட்டிருந்தாள். வெளியே புது விண்டோஸ், ஜன்னலுக்குள்ளே பழையது. விர்ச்சுவல் மெஷின் என்றாள். பழைய சாஃப்ட்வேர் தன் வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யுமாம். செய்தது. எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்றிலிருந்து பெமிலாவுக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு முதலில் வரும் டீ இப்போது ஜின்சி மேசைக்கு முதலில் போனது. பழைய கார்டு கேட்டு வருகிறவர்கள் மூலைப் பக்கம் திரும்புவதே இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஜின்சி வந்து கேட்டால், "தலைவலிக்குது மக்கா, பொறவு பாப்போம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். 'எல்லாத்தையும் பிடுங்கியாச்சு, இனி என்னத்துக்கு அக்கான்னு வாறா' என்று உள்ளுக்குள் கொதிக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். ஜின்சி மட்டும் தயங்கி நின்றாள்.

"நீ போ மக்கா. நான் இருக்கேன்லா."

அச்சகம் காலியானதும் பெமிலா ஜின்சியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர் முழுசும் ஒரே ஒரு பெரிய ஃபைலில் அடங்கியிருப்பதை ஏற்கனவே கவனித்து வைத்திருந்தாள். அதை அடியோடு அழித்தாள். அது ஒரு தடவை காலை வாரினால் போதும், மரியஜான் பயந்துபோய் மறுபடியும் மூலையைத்தான் கைகாட்டுவார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு மீன்கறி ருசித்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மரியஜான் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"பெமிலா, மஸ்கட்டுக்கு டிக்கெட் போடு. மகளுக்குப் பக்கத்துல ரெண்டு மாசம் இருந்து பிரசவம் பாத்துட்டு வா."

அவள் விழித்தாள்.

"அந்தப் பிள்ளைதான் வந்து கேட்டா. அக்காவுக்க ஃபைல் எல்லாத்தையும் வேற கம்ப்யூட்டர்ல திறந்து காட்டினா அக்காவுக்கு லீவு குடுப்பியளான்னு. நானும் சரின்னு வாக்கு குடுத்துட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிஞ்சதும் இஞ்ச வந்து இருந்துதான் இதைச் செஞ்சா. நடக்காமப் போனா அக்கா மனசு விட்டுருவாவ, சொல்லாதீங்கன்னா. இப்பம் ஒரு வாரமா ஒழுங்கா ஓடுதுல்லா, இனி சொல்லலாம்."

பெமிலா கதவு வழியாக ஜின்சியின் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். மரியஜான் ஏதோ தேதி கேட்டார். அவளுக்குக் காதில் விழவில்லை.

வெளியே இருந்து மெஷின் ஓட்டும் கிளீட்டஸ் எட்டிப் பார்த்து, ஜின்சியின் கம்ப்யூட்டரில் அந்தப் பழையது திறக்க மாட்டேன் என்கிறது என்றான்.

மரியஜான் வேகமாக வெளியே வந்தார். பெமிலா அவர் பின்னால் நடந்தாள். ஜின்சி திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபைல் இருந்த இடம் காலி. மெல்லத் தலையைத் தூக்கி பெமிலாவைப் பார்த்தாள். மதியம் அங்கே யார் இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

பெமிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை நம்பியா நான் லீவு குடுக்கியது?" மரியஜானின் முகம் சிவந்துவிட்டது. "ஆரு இதுல கை வச்சது?"

"நான்தான் அண்ணாச்சி," என்றாள் ஜின்சி. "இடம் பத்தல்லன்னு வேண்டாததை அழிக்கும்போ இதுவும் சேந்து போயிட்டு. வீட்டுல காப்பி வச்சிருக்கேன், நாளைக்குக் காலையிலயே போட்டுருவேன். அக்காவுக்க லீவை மட்டும் மாத்திராதீங்க."