அமைச்சரின் சேவல்

மனு கொடுக்க வந்தவள் கோசலை. வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் பனந்தடியில் வழுக்கி விழுந்து அவள் மகள் செண்பகம் செத்து நாற்பது நாள்தான் ஆகிறது. ஊர்ப் பிள்ளைகள் இன்னமும் அந்தத் தடிமேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போகின்றன. ஒரு சின்னப் பாலம் வேண்டும், அவ்வளவுதான்.

வேட்டி மடிப்புக் கலையாத அமைச்சர் மனுவை முன்னால் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவாச் சொல்லுக்கா, எழுதுறாரு பாரு" என்று கூட வந்த மரகதம் இடித்தாள்.

கோசலைக்கு மனசு நிறைந்துபோயிற்று. தன் பேச்சையும் எழுதிக்கொள்ள ஒரு மனுஷன். அவர் கைக்கு ஏற்றபடி விட்டு விட்டுச் சொன்னாள். மழை பெய்த சாயங்காலம், தண்ணீரில் முதலில் தெரிந்த புத்தகப்பை, எல்லாம்.

"ம்... சொல்லும்மா" என்றார் அவர்.

"பிள்ளை பேரு செண்பகம். சரியா எழுதிக்கிட்டீங்களாய்யா?" என்று எட்டிப் பார்த்தாள்.

மனுவில் ஒரு சேவல் நின்றது. கொண்டை, அலகு, ஒவ்வொரு இறகிலும் அப்படி ஒரு சிரத்தை. ஒரு காலை மகளின் பெயர்மேல் ஊன்றியிருந்தது.

உதவியாளர் மனுவை உருவினார். "ஐயா குறிச்சுக்கிட்டாங்க. ஆவன செய்வோம். நகருங்கம்மா, அடுத்த ஆளு வரட்டும்."

கோசலை அதை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடி அமைச்சர் முன்னால் விரித்து வைத்தாள்.

"வாலு பாக்கி இருக்கேய்யா. போட்டு முடிங்க. கை சும்மா ஆனப்புறம் முதல்லேருந்து சொல்றேன்."